நெகோஷியேட்

நெகோஷியேட் என்பது உடன்பாடு காண்பதற்காகப் பேச்சுவார்த்தை நடத்துவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். வேலை, வணிகம் எனப் பொருள்படும் ‘நெகோஷியம்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். ‘ஓய்வின்மை’ என்பது அந்த லத்தீன் சொல்லின் நேர்ப்பொருள்.

இச்சொல்லைக் கையாள்வதில் கவனிக்க வேண்டியது செயப்படுபொருள். அது இல்லாமல் வந்தால், பேச்சு நடந்தது என்பது மட்டுமே பொருள். முடிவு எட்டப்பட்டதா என்பது தெரியாது. ஒப்பந்தம், விலை, சம்பளம் போன்ற செயப்படுபொருளுடன் இறந்தகாலத்தில் வந்தால், பேசி முடித்தாயிற்று என்றே பெரும்பாலும் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, சிந்து நதிநீர்ப் பங்கீடு குறித்து இந்தியாவும் பாகிஸ்தானும் உலக வங்கியின் துணையுடன் 1950களில் பல ஆண்டுகள் பேசின. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முதல் வழக்கும், நிறைவேறிய ஒப்பந்தத்திற்கு இரண்டாவதும் பொருந்தும். செய்தி மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு தவறினால் செய்தியே மாறிவிடும்.

யாருடன் பேசுவது என்பதை ‘வித்’ என்ற முன்னிடைச்சொல்லும், எதற்காக என்பதை ‘ஃபார்’ என்பதும் உணர்த்தும். ‘பார்கெய்ன்’ என்ற வினை பெரும்பாலும் பேரம் பேசுவதைச் சுட்டும். நெகோஷியேட் அதைவிட விரிந்தது, முறைப்பட்டது.

குறுகிய வளைவையோ செங்குத்தான படிகளையோ பத்திரமாகக் கடப்பதற்கும் இச்சொல் வழங்கும். வங்கித்துறையில் காசோலை, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைப் பிறருக்கு உரிமை மாற்றித் தருவதையும் குறிக்கும். இந்தியாவின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இப்பொருளே.