கந்தோரும் துட்டும்

1980களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தவளக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க அவருடன் நகரத்துக்குப் போனேன். வாசலில் நின்ற ஆளிடம், "தம்பி, கந்தோர் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டார். "தமிழ்ல கேளுங்க ஐயா" என்றான் அவன். நானும் சிரித்துவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் பெரியவர் பேசவில்லை.

அந்தச் சிரிப்பு வெகுநாள் கழித்துத்தான் உறுத்தியது. கந்தோர், ஒல்லாந்தர் சொல். அவர் வாயில் வந்த லாச்சி, போஞ்சி (நம் மேசை டிராயர், பீன்ஸ்) இரண்டும் அதே பாஷை. வாசலில் நின்றவன் எதிர்பார்த்த 'தமிழ்'ச்சொல் என்ன? ஆபீஸ். அவன் சட்டைப்பையில் இருந்த துட்டும் ஒல்லாந்தரின் செப்புக் காசுப் பெயர்தான். கக்கூஸும் அவர்கள் உபயம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் தெரியும்.

துட்டு இங்கே பரவியது, கந்தோர் ஏன் பரவவில்லை? காலக்கணக்கு மட்டும் காரணமில்லை. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் அவர்கள் கோட்டையும் துணி வியாபாரமுமாக இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். நிலத்துக்குத் தோம்பு, பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பள்ளிக்கூடத் தோம்பு, 1707இல் தேசவழமையின் தொகுப்பு. காணி, சீதனம் எதுவானாலும் கந்தோர்ப் படி ஏறவேண்டும். காசு சந்தையோடு போகும். சிங்களத்தில்கூடத் துட்டு உண்டு. கந்தோர் அவர்கள் ஆண்ட தீவோடு நின்றுவிட்டது.

புதுச்சேரியையும் அவர்கள் ஆண்டார்கள். 1693இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து, 1697இன் ரிஸ்விக் உடன்படிக்கைப்படி 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். நகரத்தின் நேர்கோட்டுத் தெருக்களுக்கு அடிப்படை அவர்கள் போட்ட வரைபடம். தெருவை விட்டுப் போனவர்கள் எங்களுக்கென்று தனியாக ஒரு சொல்லை விட்டுப் போனதாகத் தெரியவில்லை. துட்டும் கக்கூஸும் ஊர் உலகத்துக்கெல்லாம் பொது.

எங்களுக்கென்று வந்தது பிரெஞ்சு. ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர் சொல்தா. 1880இல் ஏற்பட்ட கொம்யூன் இன்னும் பஞ்சாயத்துப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முள்ளோடை தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் அதே காரியத்துக்கு ஒன்றியம் என்பார்கள்.

பெரியவர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, ஒரு பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கொம்யூன் எண்டால் என்ன பாஷை, தம்பி?"

"தமிழ்தான்" என்றேன்.