கடல் கடந்த மாணவர்க்கு ஒரு கூரை

கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிகளையும் பட்டங்களையும் பாடத்திட்டங்களையும் விரித்து எழுதுகின்றனர். படித்தவர் எங்கே உறங்கினார், யாருடன் அமர்ந்து உண்டார் என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இதுவே முதல் வினாவாகும். நகரத்துப் பள்ளியில் இடம் கிடைத்தும் தங்க இடமின்றிப் படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதை, ஆண்டுதோறும் விடுதிச் சேர்க்கை விண்ணப்பங்களில் கையொப்பமிடும் நாம் நன்கறிவோம். கடல் கடந்து படிக்கச் சென்றவர்க்கும் இதே வினா எழுந்தது. அதற்கு விடையாகச் சில நாடுகளில் எழுந்த மாணவர் இல்லங்களைப் பற்றி இவ்வெள்ளி விழா மலரில் எழுத முற்படுகின்றோம்.

1909ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகப் படிகளில் ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் ஏறிக்கொண்டிருந்தார். ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் பணியாற்றியவர் அவர். எதிரே வந்த சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் கூறிவிட்டுக் கடந்து சென்றார். அம்மாணவரோ நின்றுவிட்டார். தாம் நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரங்கள் ஆயின என்றும், தம்மிடம் பேசிய முதல் மனிதர் எட்மண்ட்ஸே என்றும் கூறினார். இலட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரில் மூன்று வாரம் ஒரு சொல்லும் கேளாமல் ஒருவர் இருந்திருக்கின்றார்! பிறர் பாராமுகத்தின் நடுவே வாழ்வது எத்தகையது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

எட்மண்ட்ஸும் அவர் துணைவியாரும் அயல்நாட்டு மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தம் இல்லத்திற்கு அழைத்து உணவளிக்கத் தொடங்கினர். வருவோர் தொகை பெருகவே, பல கல்லூரி மாணவர்களும் சேர்ந்த ஒரு சங்கம் உருவாயிற்று. நாளடைவில் அதற்கும் இடம் போதவில்லை. செல்வர் ஜான் ராக்பெல்லரின் மகனாகிய இளைய ராக்பெல்லரை எட்மண்ட்ஸ் அணுகினார். அவர் பொருளுதவியால் 1924ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் தங்கத்தக்க 'சர்வதேச இல்லம்' நியூயார்க்கில் திறக்கப்பட்டது. பல நாட்டு ஆண்களும் பெண்களும் அங்குத் தனித்தனிப் பகுதிகளில் தங்கினர். உணவுக்கூடமும் கூட்டங்களும் எல்லார்க்கும் பொது. அயல்நாட்டார் மட்டுமின்றி அமெரிக்க மாணவர்க்கும் அங்கே இடம் ஒதுக்கப்பட்டமை கருதத்தக்கது. அயலாரை மட்டும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் அது மற்றொரு சேரியாகிவிடும் அன்றோ! உள்நாட்டாரும் அதே மேசையில் அமர்ந்து உண்ணும்போதுதான் அது இல்லமாகின்றது.

இவ்வளவும் எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலி நகரில் அடுத்த இல்லத்தை எழுப்ப எட்மண்ட்ஸ் முற்பட்டபோது வெளிப்பட்ட வெறுப்பு பெரிது. அந்நகரில் வீட்டு உரிமையாளர் பலர் அயல்நாட்டார்க்கும் கறுப்பின மக்களுக்கும் வாடகைக்கு இடம் தருவதில்லை. பீட்மண்ட் நிழற்சாலையில் இருந்த வெள்ளை மாணவர் சங்க விடுதிகளும் அவர்களைச் சேர்ப்பதில்லை. எட்மண்ட்ஸ் தம் இல்லத்திற்கு அதே சாலையையே தேர்ந்தெடுத்தார். ஒதுக்குபவர்களின் வாயிலிலேயே ஒதுக்காத வீட்டைக் கட்டுவது என்பது அவர் முடிவு. ஊரின் ஒதுக்குப்புறத்தில் நிலம் தந்தால் போதும் என்று நிறைவடைந்துவிடும் பழக்கமுடைய நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

பல இனத்தார் ஒரே கூரையின்கீழ் வாழ்வதை எதிர்த்து எண்ணூறுக்கு மேற்பட்டோர் ஒரு கூட்டத்தில் திரண்டனர். ஆண்களும் பெண்களும் ஒரே கட்டடத்தில் தங்குவதும் அவர்களுக்குப் பெருங்குற்றமாகப் பட்டது. சினங்கொண்ட அக்கூட்டத்தினரின் முன் எழுந்து நின்று இல்லத்திற்காக வாதாடியவர் டெலைலா பீஸ்லி என்னும் கறுப்பினப் பெண்மணி. 'ஓக்லண்ட் டிரிபியூன்' நாளிதழில் எழுதிவந்தவர். நூற்றுக்கணக்கான எதிர்ப்பாளரிடையே தனியொரு பெண்ணாக நின்று பேசிய அவர் பெயர் நம் பிள்ளைகள் அறியவேண்டிய பெயராகும். ராக்பெல்லர் அளித்த 18 இலட்சம் டாலரைக் கொண்டு எழுந்த பெர்க்கிலி இல்லம் 1930 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சிகாகோவில் 1932இல் மற்றோர் இல்லம் எழுந்தது. பாரிஸ் நகரிலோ முதல் உலகப்போருக்குப்பின் 1925 முதற்கொண்டே பல நாட்டு மாணவர்க்கான ஒரு குடியிருப்பு வளர்ந்து வந்தது. அங்கே இந்தியாவுக்கும் ஓர் இல்லம் உண்டு.

இலண்டன் நகரின் கதை வேறு. ஆங்கில ஆட்சிக்காலத்தில் நம் நாட்டு மாணவர் மிகுதியாகச் சென்றது அங்கேதான். அவர்கட்காகக் கிராம்வெல் சாலையில் அரசின் ஆதரவில் ஒரு விடுதி இருந்தது. ஆயினும் தங்களை வேவு பார்க்கவே அது நடத்தப்படுகின்றது என்று மாணவர் பலர் ஐயுற்றனர். உண்ணும் சோற்றிலும் ஐயம் கலந்துவிட்டால் அவ்விடம் எவ்வாறு இல்லமாகும்? உதவி செய்வோர் கண்காணிக்கவும் விரும்பினால் உதவி பெறுவோர் விலகியே நிற்பர். விடுதி நடத்துவோர் எல்லாரும் இதனை நினைவில் கொள்ளுதல் நலம்.

இக்குறையைப் போக்கியவர் ஒரு தமிழர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. சேலத்தில் 1876இல் பிறந்த கே. டி. பால் அவர்கள், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஆவார். அவர் முயற்சியால் 1920இல் இலண்டனில் இந்திய மாணவர்க்கான விடுதி தொடங்கிற்று. முதல் உலகப்போர்க் காலத்தில் நியூசிலாந்துப் போர்வீரர் தங்குவதற்கென அமைத்த 'ஷேக்ஸ்பியர் குடில்' என்ற கட்டடமே அதன் முதல் இருப்பிடம். பின்னர் அது கவர் தெருவுக்கு மாறிற்று. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்கு இலக்காகி, 1950களின் தொடக்கத்தில் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டடம் பெற்றது. அரசின் கட்டளையால் அன்றி இந்தியரே தம் மாணவர்க்கென நடத்தியமையால்தான் அது நம்பிக்கைக்கு உரியதாயிற்று என்பது நம் கருத்து. தாழ்த்தப்பட்ட மாணவர் அயல்நாடு சென்று பயில மத்திய அரசு 1954-55ஆம் ஆண்டில் உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதனை நாடும் நம் பிள்ளைகள், பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் அன்றே தங்குமிடத்திற்கும் எழுதிவிட வேண்டும்.

மேற்கூறிய பேரில்லங்கள் எழுவதற்கு முன்பே கடல் கடந்தவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர். பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையுடன் 1913 ஜூலையில் அவர் நியூயார்க் சேர்ந்தார். முதலில் கொலம்பியாவின் ஹார்ட்லி விடுதியில் தங்கினார். அங்கு உணவு ஒவ்வவில்லை. பின்னர் இந்திய மாணவர் சிலர் கூடி வாழ்ந்த 'காஸ்மாபாலிடன் கிளப்' என்னும் இல்லத்திற்கு மாறினார். இறுதியில் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி மாணவருடன் தங்கினார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. பிறப்பைக் கேளாத அறையும் பிறப்பைக் கேளாத மேசையும் அவருக்கு வாய்த்தன. அயல்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் தாம் தீண்டத்தகாதவர் என்ற உணர்வையே தம் உள்ளத்திலிருந்து துடைத்துவிட்டன என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார்.

தாயகம் திரும்பி 1917இல் பரோடாவில் அரசுப்பணி ஏற்கச் சென்றபோது அவருக்கு அந்நகரில் தலைசாய்க்க இடமில்லை. இந்து விடுதிகள் ஏற்கா. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவு செய்து தங்கினார். பதினோராம் நாள் காலை பார்சியர் ஒரு கூட்டமாகத் தடிகளுடன் வந்து அவரை வெளியேறச் சொல்லினர். அடைக்கலம் வேண்டிய நண்பர் இருவரும், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர், தத்தமக்குரிய காரணம் கூறிக் கைவிரித்தனர். பம்பாய் இரயில் புறப்படும் இரவு நேரம் வரையில் பரோடாவின் பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்து அவர் ஊர் திரும்பினார். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்தவருக்கு இங்கே நேர்ந்தது இது.

விட்ட படிப்பைத் தொடர அவர் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அங்கு வாடகை விடுதியில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது மீனும் உண்டு, பசித்த இரவுகளில் அப்பளம் சுட்டுத் தின்று பயின்றார் என வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் 1921-22இல் தங்கிய கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை மராட்டிய மாநில அரசு 2015இல் வாங்கி நினைவில்லமாக்கியது. படிப்பு முடிந்து திரும்பியவர், 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை கையிலெடுத்த முதற்பணிகளுள் ஒன்றாக 1925 சனவரியில் சோலாப்பூரில், உயர்நிலைப்பள்ளியில் பயிலும் நம் சமுதாயப் பிள்ளைகள் உண்டு உறங்கிப் படிக்க ஒரு விடுதி திறக்கப்பட்டது.