ஆறடி அகலத்தில் ஒரு சமையலறை

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒன்றரை ஆள் நிற்கலாம். மாமியார் முழு ஆள், நான் அரை. அவர் அடுப்பண்டை நின்றால் நான் வாசற்படியில் உட்கார்ந்துதான் காய் நறுக்க வேண்டும். இந்த ஜாகைக்கு வந்த நாளாக அந்த அறையைப் பெரிதாக்க ஆசை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் ஆசை அடங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீல நிற அலமாரிகள், ஜன்னலடியில் ஒரு மேஜைப் பலகை, அதன் எதிரே ஒரு சுழல் முக்காலி. அறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். நம் கணக்கில் 70 சதுர அடி. எங்கள் சமையலறையும் அவ்வளவுதான்! ஆனால் அதில் ஓர் அங்குலமும் வீணாகவில்லை. எங்களுடையதில் பாதி வீண்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் 1926-ல் பிறந்த சமையலறை அது. அதற்குத் திட்டம் போட்டவர் மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற வியன்னாப் பெண். அப்போது அவருக்கு வயது 29. கட்டடக் கலை படிக்கப் பெண்கள் போகாத காலத்தில் படிக்கப் போனவர். தொழிலாளிகளுக்கு வீடு கட்ட யோசிக்கிறாயா, முதலில் அவர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவருடைய ஆசிரியர் ஆஸ்கார் ஸ்ட்ர்னாட் அனுப்பினாராம். போய்ப் பார்த்தார். ஒரே அறையில் சமையல், சாப்பாடு, துணி துவைத்தல், தூக்கம் எல்லாம். அது பழக்கத்தால் வந்ததல்ல. கரிச் செலவால் வந்தது. குளிர் தேசத்தில் ஓர் அடுப்பு எரிந்தால் ஓர் அறைதான் சூடாகும். ஏழைக்கு இரண்டாவது அடுப்பு ஏது?

முதல் மகா யுத்தம் முடிந்து, 1923-ல் ஜெர்மன் பணம் வெறும் காகிதமாகிப் போயிற்று. வீட்டின் மேல் கடன் வாங்கியிருந்தவர்களுடைய கடனெல்லாம் அந்தக் காகிதத்தோடு கரைந்தது. சும்மா வந்த லாபம்தானே என்று 1924-ல் சர்க்கார் வீட்டுச் சொந்தக்காரர்கள்மேல் ஒரு வரி போட்டது. அதில் ஒரு பங்கு புது வீடுகள் கட்டப் போயிற்று. பிராங்க்பர்ட் நகரசபை 1925-ல் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் வீடு வேண்டும். சிறிதாக இருக்க வேண்டும். வாடகை கட்டுப்படியாக வேண்டும். அவர் மார்கரெட்டை வரவழைத்தார்.

அந்த அம்மாள் செய்த காரியத்தைக் கேளுங்கள். கையில் ஒரு நிறுத்து கடிகாரம். பாத்திரம் கழுவ எத்தனை நேரம், அடுப்பிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு எத்தனை அடி என்று கணக்கு. தொழிற்சாலைக் கூலியாட்களின் அசைவுகளை அளந்த டெய்லர் என்ற அமெரிக்கரின் வித்தையை, கிறிஸ்டீன் பிரடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி வீட்டு வேலைக்குத் திருப்பியிருந்தார். அவருடைய புத்தகம் ஜெர்மன் மொழிக்கும் வந்திருந்தது. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1869-ல், கப்பல் சமையலறையைப் பார்த்து வீட்டுச் சமையலறையை அமைக்கச் சொன்ன இன்னொரு அமெரிக்க மாது உண்டு: கேதரின் பீச்சர். ‘டாம் மாமாவின் குடிசை’ எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அக்காள். நாவலாசிரியைகளின் வீட்டில் சமையலைப் பற்றி யோசிக்க ஒரு அக்காள் இருப்பது எவ்வளவு சௌகரியம்!

மார்கரெட் கப்பலுக்குப் போகவில்லை; ரயிலைப் பார்த்தார். ரயிலின் சாப்பாட்டு வண்டியில், ஒருவர் திரும்பினால் ஒருவர்மேல் இடிக்கும் சந்தில், ஒரு கூட்டத்துக்கே சமைத்துப் போடுகிறார்களே, எப்படி? எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான். அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேஜை பக்கத்து அறையில், நடுவே தள்ளுகதவு, அடுப்புக்கும் மேஜைக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேற்படாத தூரம். சுவரோடு மடங்கிக்கொள்ளும் இஸ்திரிப் பலகை. கழுவிய தட்டுகளைத் துடைக்காமலே செருகி வைத்தால் தானாக நீர் வடியும் சட்டம். நறுக்கிய தோலைக் கையால் ஒதுக்கினால் நேரே விழுகிற குப்பை இழுப்பறை, மேஜைப் பலகையோடு சேர்ந்தே. கொதி வந்த பாத்திரத்தை எடுத்து வைத்து மூடினால், உள்ளிருக்கும் சூட்டிலேயே மேற்கொண்டு வெந்துவிடும் பெட்டி. எரிவாயுச் செலவு மிச்சம். அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள்; ஒரு பக்கம் பிடி, மறுபக்கம் மூக்கு; உருவி எடுத்துக் கரண்டி இல்லாமல் அப்படியே கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. அந்த மரத்தின் துவர்ப்புக்குப் புழு அண்டாது. அலமாரிக்கு நீலம் பூசியதற்கும் காரணம் வைத்திருந்தார்கள்: நீலத்தில் ஈ உட்காராதாம். இந்தக் கடைசிச் சங்கதியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டு ஈக்கள் வர்ணம் பார்ப்பதில்லை.

இவ்வளவும் சேர்த்தால் விலை ஏறாதா? அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அறை சுருங்கியதால் கட்டடச் செலவில் மிச்சம். ஒரே அச்சில் ஏராளமாகச் செய்ததால் அலமாரிச் செலவில் மிச்சம். குடிவருகிறவர்கள் தனியாக அலமாரி வாங்க வேண்டியதில்லை. அதுவும் வாடகையில் அடங்கியது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை அமைந்தது.

படத்தை மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“எல்லாம் நன்னாத்தான் இருக்கு. இதிலே நீ எங்கே நிப்பே?” என்றார்.

பிராங்க்பர்ட்காரர்கள் சொன்ன குறையும் அதுதான். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்ய இடமில்லை. குழந்தையைக் கண்காணிக்க முடியவில்லை. குழந்தை உள்ளே வந்துவிட்டாலோ, இழுப்பறைகள் அதன் கைக்கெட்டும் உயரத்தில். ரோமர்ஸ்டாட் குடியிருப்பில் எல்லாம் மின்சாரம் என்றார்கள். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்துக் குடித்தனக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். பெண்ணுக்கு நேரம் மிச்சமாக வேண்டும், அவள் வெளியே போய்ச் சம்பாதிக்க, படிக்க அவகாசம் வேண்டும் என்பதுதான் மார்கரெட்டின் எண்ணம். ஆனால் ஒருத்தி மட்டுமே நிற்கக்கூடிய அறையைக் கட்டினால், அந்த ஒருத்தி யார் என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. பிற்காலத்துப் பெண்கள் அவரை இதற்காகக் கோபித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் கரிப்புகையில் ஒரே அறையில் ஐந்து பிள்ளைகளோடு படுத்தவளைக் கேட்டால் வேறுவிதமாகச் சொல்லியிருப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாளுக்குச் சமைக்கத் தெரியாது. வியன்னாவில் அம்மா சமைத்தார். பிராங்க்பர்ட்டில் ஹோட்டல் சாப்பாடு. அவரே ஒளிக்காமல் சொன்ன விஷயம் இது.

1927-ல் வில்ஹெல்ம் ஷூட்டே என்ற கட்டடக் கலைஞரை மணந்தார். 1930-ல் எர்ன்ஸ்ட் மேயின் குழுவோடு சோவியத் நாட்டுக்கு, 1938-ல் இஸ்தான்புல்லுக்கு. அங்கே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஹிட்லருக்கு எதிராக ரகசியமாக வேலை செய்தவர்களுக்குச் செய்தி கொண்டுபோக, 1940 டிசம்பரில் வியன்னா திரும்பினார். 25 நாட்களில், 1941 ஜனவரி 22-ஆம் தேதி, கெஸ்டபோ பிடித்துவிட்டது. இவரை இந்த வேலையில் ஈடுபடுத்திய கட்டடக் கலைஞர் ஹெர்பெர்ட் ஐக்கோல்ஸரை 1943-ல் கொன்றார்கள். இவருக்கு 15 வருஷச் சிறை. கைக்கெட்டும் தூரத்தை அளந்தவருக்கு நாலு வருஷத்துக்கு மேல் சிறை அறைதான் உலகம். 1945 ஏப்ரல் 29-ல் அமெரிக்கப் படை வந்து பவேரியாவின் ஐஹாக் சிறையைத் திறந்துவிட்டது.

ஊர் திரும்பினவரை ஊர் கொண்டாடவில்லை. கம்யூனிஸ்ட் என்பதால் சர்க்கார் வேலைகள் அதிகம் வரவில்லை. வியன்னா நகரம் 1980-ல்தான் பரிசு கொடுத்தது. 1988-ல் நாடே ஒரு விருது கொடுக்க முன்வந்தபோது, அதைக் கொடுப்பவர் ஜனாதிபதி குர்ட் வால்ட்ஹைம் என்பதால் வாங்க மறுத்தார். வால்ட்ஹைம் யுத்த காலத்தில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்ததைப் பற்றி அப்போது பெரிய சர்ச்சை. சிறையில் கழித்த வருஷங்களை அந்த அம்மாள் மறக்கவில்லை.

எல்லோரும் சமையலறையைப் பற்றியே கேட்டதில் அவருக்குக் கடைசிவரை எரிச்சல். இப்படி ஆகுமென்று தெரிந்திருந்தால் அந்தச் சனியன் பிடித்த சமையலறையைக் கட்டியே இருக்கமாட்டேன் என்று சொன்னதுண்டு. 1997-ல் நூறாவது பிறந்தநாளன்று வியன்னா மேயரோடு வால்ட்ஸ் நடனம் ஆடினார். ஆடிவிட்டு, ஒரு மாறுதலுக்காவது ஒரு பணக்காரருக்கு வீடு கட்டிப் பார்த்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும் என்றாராம்.