எலக்ட்ரான் திரையிடல்

குறைந்த ஆற்றலில் மோதும் இரு அணுக்கருக்களுக்கு இடையிலான மின்விலக்கு விசையை, சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் தளர்த்தி, அணுக்கரு வினையின் வாய்ப்பைக் கூட்டும் விளைவு எலக்ட்ரான் திரையிடல் எனப்படும். விண்மீன்கள் எரியும் வேகத்தைக் கணக்கிட இது இன்றியமையாதது.

மின்விலக்கு எழுப்பும் தடையைத் தாண்டும் ஆற்றல் இல்லாத துகளும் குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவக்கூடும் என்பதை ஆல்ஃபாச் சிதைவை ஆராய்ந்த ஜார்ஜ் காமோவ் 1928இல் காட்டினார். மறு ஆண்டே அட்கின்சனும் ஹூட்டர்மான்ஸும் இக்கருத்தை விண்மீன்களின் உள்ளே நிகழும் வினைகளுக்குப் பொருத்தினர்.

எலக்ட்ரான்களின் பங்கை 1954இல் எட்வின் சால்பீட்டர் வகுத்தார். விண்மீனின் உள்ளே எலக்ட்ரான்கள் கட்டற்றுத் திரிந்தாலும் ஒவ்வொரு கருவையும் சுற்றிச் சற்றே அடர்கின்றன. சூரியனின் மையத்தில் இரு புரோட்டான்கள் இணையும் வீதம் இதனால் சுமார் 5 விழுக்காடு உயர்கிறது.

ஆய்வுக்கூட இலக்கில் உள்ள அணுக்களின் எலக்ட்ரான்களும் இவ்வாறே குறுக்கிடும் என்பதை 1987இல் அசன்பாம், லாங்கங்கே, ரோல்ஃப்ஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். எலக்ட்ரான் மேகத்தைக் கடந்து உள்ளே செல்லும்வரை மோதவரும் கரு முழு விலக்கையும் உணர்வதில்லை. எனவே சிறிது கூடுதல் ஆற்றல் பெற்றதுபோல் மோதுகிறது. டியூட்டீரியமும் ஹீலியம்-3உம் 6,000 எலக்ட்ரான் வோல்ட்டில் மோதும்போது இந்தக் கூடுதல், கோட்பாட்டின்படி, அதிகபட்சம் 119 எலக்ட்ரான் வோல்ட். அது 2 விழுக்காடுதான் என்றாலும் வினையின் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு பெருகிவிடுகிறது. 1988இல் சோதனை இவ்விளைவை உறுதிசெய்தது.

அளவீடுகள் கூர்மையானபோது புதிர் ஒன்று எழுந்தது. 2001இல் இதே வினைக்குக் கிடைத்த மதிப்பு 219 எலக்ட்ரான் வோல்ட். கோட்பாடு அனுமதிக்கும் உச்சத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு. உலோகங்களில் இடைவெளி இன்னும் பெரிது. இரு டியூட்டீரியக் கருக்களின் வினையில் வளிம இலக்கு சுமார் 25 எலக்ட்ரான் வோல்ட் காட்ட, டியூட்டீரியம் ஏற்றிய டாண்டலம் 309 காட்டியது. உலோகத்தில் தாராளமாக நகரும் எலக்ட்ரான்களே காரணம் என்ற விளக்கம் முன்வைக்கப்பட்டது. அனைவரும் ஏற்கும் முடிவு எட்டப்படவில்லை.

இத்தாலியின் கிரான் சாசோவில் 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் இயங்கும் லூனா ஆய்வுக்குழு, இரு ஹீலியம்-3 கருக்களின் வினையைச் சூரிய ஆற்றல் அளவிலேயே 1999இல் அளந்தது. அத்தகைய நேரடி அளவீட்டுக்கும் திரையிடல் திருத்தம் தேவை. இத்தாலியக் குழுக்கள் வளர்த்தெடுத்த ட்ரோஜன் குதிரை முறை, எலக்ட்ரான் குறுக்கீடு இல்லாத வீதத்தை மறைமுகமாகத் தருகிறது.

ஆய்வுக்கூட எலக்ட்ரான்களின் பங்கைக் கழித்து, விண்மீன் எலக்ட்ரான்களின் பங்கைச் சேர்த்தால்தான் உண்மையான வீதம் கிடைக்கும். கழிக்கவேண்டிய அளவு கோட்பாட்டோடு பொருந்தாதவரை, அந்த ஐயம் விண்மீன் கணக்கிலும் தொடரும்.