வழியச்சமும் காவற்பொறுப்பும்: பொங்கலூர்ப் பகுதியை முன்வைத்துக் கொங்குப் பெருவழிகள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பயணிகள் அஞ்சிய இடங்களைப் பற்றிய பதிவுகள் தமிழ் இலக்கியத்திலும் கல்வெட்டுகளிலும் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றை நிலத்தின் இயல்பு குறித்த செய்திகளாக மட்டும் கொள்வது வழக்கமாக உள்ளது. கொங்குநாட்டின் பெருவழிகளை, குறிப்பாகத் திருமுருகன்பூண்டி குறித்த சுந்தரர் பதிகத்தை, மையமாகக் கொண்டு இக்கட்டுரை அப்பதிவுகளை மீள வாசிக்கிறது. ஓரிடம் அச்சம் தருவதாக ஆவதற்குக் காடோ இருளோ முதன்மைக் காரணமன்று. அவ்விடத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவற்றுப்போவதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கொங்குநாடு, பொங்கலூர்க்கா நாடு, பெருவழி, ஆறலைத்தல், பாடிகாவல், அஞ்சினான் புகலிடம்.

முன்னுரை

திருப்பூர் மாவட்டத்தில், கோவை–திருச்சி நெடுஞ்சாலையில், பல்லடத்திற்கும் காங்கயத்திற்கும் இடையில் அமைந்துள்ள ஊர் பொங்கலூர். இன்று ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக விளங்கும் இவ்வூரைச் சுற்றி விசைத்தறிக் கூடங்களும் பின்னலாடைத் தொழிலைச் சார்ந்த பணியிடங்களும் கோழிப்பண்ணைகளும் நிறைந்துள்ளன. இடைக்காலத்தில் இப்பகுதி கொங்குநாட்டின் 24 நாட்டுப் பிரிவுகளுள் ஒன்றான பொங்கலூர்க்கா நாட்டைச் சேர்ந்திருந்தது. வாரக்கா நாடு, காவடிக்கா நாடு, நல்லுருக்கா நாடு ஆகியனவும் இதே ஈறு கொண்டவை. 'கா' என்னும் சொல்லுக்குச் சோலை என்பது பொருள். காத்தல் என்னும் வினையின் அடியும் அதுவே. இவ்வொலியொற்றுமையைச் சொற்பிறப்பாகக் கொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், மரஞ்செறிந்த நிலமும் காக்கப்பட வேண்டிய நிலமும் ஒன்றாயிருந்த ஒரு நிலப்பரப்பைப் பற்றியே இங்குப் பேசுகிறோம் என்பது நினைவில் இருத்தற்குரியது.

காவிரிச் சமவெளியையும் கருவூரையும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையோடு இணைத்த வழிகள் கொங்குநாட்டின் ஊடாகவே சென்றன. நொய்யற்கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வும், வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் அடங்கிய புதையலும் இவ்வழிகளின் தொன்மைக்குச் சான்றுகள். பொருள் சென்ற வழியில் அச்சமும் உடன் சென்றது. அவ்வச்சம் எங்கே நிலைகொண்டிருந்தது, அதற்கு யார் பொறுப்பாக்கப்பட்டனர் என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

இலக்கிய மரபில் அச்சத்தின் இடம்

சங்க அகப்பாடல்கள் அச்சத்திற்கு ஒரு நிலத்தை வகுத்துக் கொடுத்தன. அது பாலை. நீரற்ற சுரம், ஆறலை கள்வர், வழிப்போக்கர் பிணத்தை மூடிய கற்குவை, நடுகல் ஆகியன அந்நிலத்தின் கருப்பொருள்களாக அமைந்தன. இம்மரபில் அச்சம் ஊருக்கு வெளியே உள்ளது. ஊரைச் சேர்ந்தால் தீர்ந்துவிடுவது.

சிலப்பதிகாரம் இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. புறஞ்சேரி இறுத்த காதையில், வெயிலின் கொடுமைக்கு அஞ்சிக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் இரவில் வழிநடக்கின்றனர். பாண்டியன் செங்கோல் நடக்கும் நாட்டில் கொடுவிலங்குகளும் பாம்பும் வழிச்செல்வோர்க்குத் தீங்கு செய்யா என்னும் நம்பிக்கையே அம்முடிவுக்கு அடிப்படை. அந்நம்பிக்கை வழியில் பொய்க்கவில்லை. கோவலன் கொலையுண்டது காட்டிலன்று, காவலனின் தலைநகரில். கொன்றது கள்வனல்லன், காவலனின் ஆணை பெற்றுச் சென்ற கூட்டம். அச்சத்தின் இடம் காவல் பிழைத்த இடமே என்னும் எண்ணம் காப்பியத்தில் இவ்வாறு உருப்பெற்றுவிட்டது. அதனைக் கொங்குநாட்டின் குறிப்பிட்ட ஓர் ஊருக்குப் பொருத்திக் காட்டுவது சுந்தரர் பதிகம்.

திருமுருகன்பூண்டிப் பதிகம்: குற்றச்சாட்டு யார்மீது?

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே நல்லாற்றங்கரையில் உள்ளது திருமுருகன்பூண்டி. ஏழாம் திருமுறையின் 49ஆம் பதிகம் இத்தலத்திற்குரியது. வளைந்த வில்லேந்திய வடுக வேடுவர் வழிச்செல்வோரை வெருட்டுதல், இன்னாத சொற்களைச் சொல்லுதல், கல்லெறிதல், மோதுதல், குத்துதல், உயிர்க்கொலை புரிதல் எனக் களவின் செயல்முறை முழுவதையும் அதன் முதல் நான்கு பாடல்கள் வரிசைப்படுத்துகின்றன. இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, பறிக்கப்படும் பொருள். பொன்னையோ மணியையோ பதிகம் முன்னிறுத்தவில்லை. முதல் நான்கு பாடல்களிலும் மீண்டும் மீண்டும் வருவது கூறை, அதாவது உடுத்திய துணி. களவு செய்வோரும் கிழிந்த கூறை உடுத்தவராகவே காட்டப்படுகின்றனர். வணிகச் சாத்துகளின் பெருஞ்செல்வத்தை விட எளிய வழிப்போக்கரின் உடுதுணியே இப்பதிகத்தில் இழப்பின் அளவுகோலாகிறது. வறியவர் வறியவரைப் பறிக்கும் களம் அது.

இரண்டாவது, களம் எங்குள்ளது என்பது. பதிகம் இவ்விடத்தைச் சுரம் என்றோ காடு என்றோ அழைக்கவில்லை. மாநகர் என்றே அழைக்கிறது. முல்லை மணம் கமழும் ஊர், இறைவன் உறையும் ஊர், அங்கேதான் நாள்தோறும் களவு நிகழ்கிறது. இதனாலேயே பாடலின் வினா கள்வரை நோக்கிச் செல்லாமல் இறைவனை நோக்கிச் செல்கிறது. இத்தகைய இடத்தில் எதற்காக இருக்கிறீர் என்று, இறுதிப் பாடல் நீங்கலாக, ஒவ்வொரு பாடலும் கேட்டு முடிகிறது. எல்லையைக் காக்கும் ஏற்பாடு ஏதும் இல்லையெனில் இங்கு இருப்பானேன் என்று இரண்டாம் பாடல் வெளிப்படையாகவே வினவுகிறது. உமது எருதின் கால் முறிந்துவிடவில்லையே, எழுந்து போகலாமே என நான்காம் பாடல் எள்ளுகிறது. இவ்வழியே வந்திருக்கக்கூடாது என்று பயணி தம்மை நொந்துகொள்ளவில்லை. காக்கும் பெயர் பெற்றவர் காவாதிருப்பதையே அவர் குற்றமாக வைக்கிறார். உரிமையோடு இறைவனை இடித்துரைக்கும் சுந்தரரின் தோழமை நெறி இதற்கு இடந்தந்தது என்பது உண்மை. ஆயினும் அவ்வுரிமைப் பேச்சு கையாளும் சொல் 'எல்லை காத்தல்' என்னும் ஆட்சியியற் சொல் என்பது நோக்கத்தக்கது.

பதிகத்திலிருந்து புராணத்திற்கு

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்நிகழ்வைக் கழறிற்றறிவார் நாயனார் புராணத்தில் விரித்துரைக்கிறார். சேரமான் பெருமாள் வழங்கிய பெருநிதியைச் சுமந்துகொண்டு சுந்தரரின் பரிவாரம் கொடுங்கோளூரிலிருந்து திரும்புகிறது. இறைவனின் ஏவலால் பூதகணங்கள் வேடுவர் உருக்கொண்டு அதனைப் பறிக்கின்றன. பதிகம் பாடப்பட்டபின் நிதி மீள்கிறது. பறிபோன பொருள் இருந்த இடத்தைக் கூப்பிட்டுக் காட்டியவர் என்று கூப்பிடு பிள்ளையாரைப் பற்றி இப்பகுதி மக்களிடையே வழங்கும் கதை இதன் தொடர்ச்சி.

இரு நூல்களுக்கும் இடையிலான வேறுபாடு கூர்ந்து நோக்கற்பாலது. பதிகத்தில் நாள்தோறும் நிகழும் வன்முறை, புராணத்தில் ஒருமுறை நிகழ்ந்த திருவிளையாடலாகிறது. பதிகத்தின் கூறை, புராணத்தில் அரசநிதியாகிறது. மானிட வேடுவர் பூதகணங்களாகின்றனர். விடையற்றிருந்த வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்துவிடுகிறது. பறித்தவரும் காப்பவரும் ஒருவரே என்றாகும்போது காவற்பொறுப்பு குறித்த முறையீடு கரைந்துபோகிறது. பக்தி வரலாற்றில் இம்மாற்றத்திற்கு உரிய விளக்கம் உண்டு. சமூக வரலாற்றாசிரியர் பதிகத்தின் சான்றைப் புராணத்தின் சான்றோடு கலவாமல் கையாள வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

வேடுவர்: அஞ்சப்பட்டோரின் மறுபக்கம்

பதிகம் பயணியின் குரல். வேடுவரைக் குரங்குகளுக்கு ஒப்பிடவும் அது தயங்கவில்லை. அவர்கள் தரப்புச் சொல் அதில் இல்லை. ஆனால் கொங்குக் கல்வெட்டுகளில் வேட்டுவர் வேறு நிலையில் தோன்றுகின்றனர். கோயில்களுக்குச் சந்தியாதீபம் வைத்தவர்களாகவும் திருப்பணிக்குக் கொடையளித்தவர்களாகவும் தம் குலப்பெயரோடு அவர்கள் பொறிக்கப்பட்டுள்ளனர். காடு திருத்தி ஊராக்கும் இயக்கம் மேய்ச்சல் நிலத்தையும் வேட்டை நிலத்தையும் சுருக்கிய காலத்தில், அந்நிலத்திற்குரியோர் ஒருபுறம் வழியச்சமாகவும் மறுபுறம் ஊர்ச் சமூகத்தின் உறுப்பினராகவும் இருந்தனர். ஆகவே 'அச்சம் தரும் மக்கள்' என்று ஒரு குலத்தைப் பதிகத்தின் வழி அடையாளப்படுத்துவது சான்றுக்கு முரணானது.

கல்வெட்டுகள் காட்டும் காவல் ஏற்பாடுகள்

பதிகம் எழுப்பிய எல்லை காத்தல் என்னும் வினாவுக்கு இடைக்காலச் சமூகம் தந்த விடைகள் பல.

முதலாவது, தனிமனிதரின் வீரம். கொங்குநாட்டில் பரவலாகக் காணப்படும் புலிகுத்திக்கற்கள் ஆநிரையைக் காக்கப் புலியோடு பொருதவரை நினைவுகூர்வன. பட்டியும் மேய்ச்சலும் வாழ்வாதாரமாயிருந்த நிலத்தில் அச்சத்தின் இடம் பட்டியின் வேலிக்கு அப்பால் தொடங்கியது. ஏற்பாடான காவல் இல்லாத இடத்தை ஒருவரின் உயிர் நிரப்பியது என்பதையே இக்கற்கள் சொல்கின்றன.

இரண்டாவது, அரசின் பெயர். கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டது. வழிக்கு அரசனின் பட்டப்பெயரைச் சூட்டி, அவனது நிழலை அது வாழ்த்துகிறது. நிழல் என்பது காவலுக்குரிய மரபான உருவகம். வழிநடப்போர் யாருடைய காவலில் நடக்கின்றனர் என்பதைக் கல்லே அறிவிக்கிறது.

மூன்றாவது, கட்டணக் காவல். பாடிகாவல் என்னும் வரி ஊர்க்காவலுக்காகத் தண்டப்பட்டது. வணிகக் குழுவினரோ தமக்கெனப் படைவீரரை வைத்திருந்தனர். ஐந்நூற்றுவரின் கல்வெட்டுகளில் காணும் எறிவீரபட்டணம் என்னும் பெயர், தம்மைக் காத்த வீரர்க்கு வணிகர் அளித்த சிறப்போடு தொடர்புடையது. நொபோரு கராஷிமா, எ.சுப்பராயலு ஆகியோரின் ஆய்வுகள் இவ்வணிகக் குழுக்களின் அமைப்பை விரிவாக விளக்கியுள்ளன.

நான்காவது, அஞ்சினான் புகலிடம். அஞ்சியவர் எவராயினும் வந்து தங்கலாம் என்று அறிவிக்கும் இவ்வகைக் கல்வெட்டுகள் வட தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. பெருவழிக் கல்வெட்டு ஆட்சியாளரின் நிழலை வாழ்த்த, புகலிடக் கல்வெட்டோ அந்நிழல் எங்கும் ஒன்றுபோல் விழவில்லை என்பதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. காவல் எங்கும் உறுதியாயிருப்பின், அதற்கென ஓர் ஊரைத் தனியே அறிவிக்கத் தேவையில்லை.

காலனிய மாற்றம்: இடத்திலிருந்து மக்களுக்கு

பாளையக்காரர் காலத்தில் தலக்காவல், தேசகாவல் என்னும் முறைகள் வழங்கின. களவுபோன பொருளை மீட்டுத் தருதல், இயலாவிடின் அதன் மதிப்பை ஈடுசெய்தல் காவற்காரரின் கடமையாயிருந்தது. இம்முறையைப் பொற்காலமாகக் காட்டுவதற்கில்லை. காவற்பணம் தராதவர் உடைமை காவற்காரராலேயே களவாடப்பட்டதும் உண்டு. ஆயினும் இழந்தவர் சென்று கேட்பதற்கு ஒருவர் இருந்தார்.

1799இல் கும்பினி ஆட்சியின்கீழ் வந்த கோவைப் பகுதியில் இவ்வமைப்பு படிப்படியாக மறைந்தது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஊர்த்தலைவர், தாசில்தார், மாவட்ட ஆட்சியர் என்னும் படிநிலையில் காவலை அமைத்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணக் காவல்துறையை உருவாக்கியது. ஈடுசெய்யும் கடமை இப்புதிய அமைப்பில் இடம்பெறவில்லை. மாறாக, 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரையினர் சட்டம் சென்னை மாகாணத்தில் செயற்படுத்தப்பட்டபோது, அச்சத்தின் காரணம் குறிப்பிட்ட சாதிகளின் பிறப்பில் வைக்கப்பட்டது. இரவில் நடமாடும் உரிமையே பலருக்கு மறுக்கப்பட்டது. 1947இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்படும்வரை, வழியைக் காக்கும் பொறுப்பின் இடத்தில் மனிதரை அடைக்கும் அதிகாரம் நின்றது.

இன்றைய பெருவழி

இதே வழிகளில் இன்று செல்வோர் பின்னலாடை நிறுவனங்களின் வேலைநேரத்தை ஒட்டிப் பயணிக்கும் தொழிலாளர்கள். அவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் பெண்களைத் தொழிற்சாலைகளில் பணியமர்த்தத் தடை விதித்தது. அஞ்சுபவரை வீட்டில் இருத்துவதே அச்சத்திற்குத் தீர்வு என்பது அதன் உட்கிடை. 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் இத்தடையைச் செல்லாததாக்கியது. அதே தீர்ப்பு, இரவுப்பணிக்குப் பெண்களை அமர்த்துவோர் போக்குவரத்து வசதி செய்து தருதல், பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாத்தல் உள்ளிட்ட கடமைகளை ஏற்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. வேலைவாய்ப்பின் பயனைப் பெறுபவர் வழியின் காவலுக்கும் பொறுப்பாவார் என்னும் இக்கோட்பாட்டில் பாடிகாவலின் தருக்கம் புதிய வடிவில் மீண்டும் தோன்றுகிறது. பெரிய நிறுவனங்களுக்கு வெளியே, சிறு கூடங்களிலும் வீட்டுவழித் தொழிலிலும் பணிபுரிவோர் தனியே நடந்து கடக்கும் கிளைச்சாலைகளில் இக்கடமை யாரைச் சாரும் என்பது இன்னும் கேட்கப்பட வேண்டிய வினா.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன:

1. தமிழ் மரபில் அச்சத்தின் இடம் பாலை என்னும் நிலத்தோடு நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரமும் திருமுருகன்பூண்டிப் பதிகமும் அதனைக் காவலர் உறையும் நகருக்குள்ளேயே காட்டுகின்றன.

2. சுந்தரர் பதிகத்தின் முறையீடு கள்வரைக் காட்டிலும் காப்பவரை நோக்கியது. புராண மரபு அம்முறையீட்டைத் திருவிளையாடலாக மாற்றிவிட்டதால், பதிகம் தனிச் சான்றாக வாசிக்கப்பட வேண்டும்.

3. புலிகுத்திக்கல், பெருவழிக் கல்வெட்டு, பாடிகாவல், எறிவீரபட்டணம், அஞ்சினான் புகலிடம் ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாகக் கொள்ளாமல், காவற்பொறுப்பு என்னும் ஒரே சிக்கலுக்கான வெவ்வேறு விடைகளாக ஒருங்குவைத்து ஆராயலாம்.

4. பொறுப்பு மறையும் காலங்களில் அச்சம் ஏதேனும் ஒரு மக்கள் பிரிவின்மீது ஏற்றப்படுகிறது, அல்லது அஞ்சுபவரின் நடமாட்டமே கட்டுப்படுத்தப்படுகிறது. குற்றப்பரம்பரையினர் சட்டம் முன்னதற்கும், பெண்களின் இரவுப்பணித் தடை பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள்.

பொங்கலூர்க்கா நாட்டு ஊர்களின் கல்வெட்டுகளில் காவல், வரி, கொடை பற்றிய சொற்களைத் தொகுத்து, அவற்றை வழித்தடங்களோடு பொருத்தி ஆராய்வது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையும். எல்லை காப்பவர் யார் என்று ஒரு பயணி எழுப்பிய வினா, அவ்வழியில் நடப்போர் உள்ளவரை ஆய்வுக்குரியதே.