மூன்று நாற்காலிகள் - ராஜ்ய சபாவில் டெல்லி

2020 டிசம்பர் 10-ஆம் தேதி டெல்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த விழாவில் பிரதமர் மோடி உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அவை. பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் பார்க்கலாம். டெல்லியில் ஜனநாயகம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு உத்திரமேரூர் ஞாபகம் வருகிறது. சரி, உத்திரமேரூரில் இருந்து பார்த்தால் டெல்லியின் ஜனநாயகம் எப்படி இருக்கிறது? அந்த நகரத்துக்கு அங்கேயே இருக்கிற ராஜ்ய சபாவில் எத்தனை இடம், யார் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள் என்று தேடினால் விசித்திரமான கதை ஒன்று கிடைக்கிறது.

ராஜ்ய சபா 1952 ஏப்ரல் 3-ல் அமைக்கப்பட்டது. அப்போது டெல்லி 'சி' பிரிவு மாநிலம். 48 உறுப்பினர்கள் கொண்ட சட்டசபை இருந்தது, சவுத்ரி பிரம்ம பிரகாஷ் முதலமைச்சர். ராஜ்ய சபாவில் கொடுத்தது ஒரே ஒரு இடம். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது டெல்லி யூனியன் பிரதேசம் ஆனது, சட்டசபையும் போனது. வேடிக்கை என்னவென்றால், சட்டசபையைப் பறித்த அதே ஏற்பாட்டில் ராஜ்ய சபா இடம் ஒன்றிலிருந்து மூன்றாக உயர்ந்தது!

அந்த மூன்று இன்றுவரை மூன்றாகவே இருக்கிறது. 1951-ல் டெல்லியின் மக்கள்தொகை சுமார் 17.4 லட்சம். 2011 கணக்கெடுப்பில் 1.68 கோடி. அதே கணக்கெடுப்பில் 69 லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள இமாசலப் பிரதேசத்துக்கும் மூன்று இடம்தான். தமிழ்நாட்டுக்கு 18 இடம், அதாவது சுமார் 40 லட்சம் பேருக்கு ஒருவர். டெல்லியில் 56 லட்சம் பேருக்கு ஒருவர். ஆரம்பத்தில் இடங்களைப் பிரித்தபோது முதல் 50 லட்சம் மக்களுக்குப் பத்து லட்சத்துக்கு ஒரு இடம், அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஒரு இடம் என்று கணக்குப் போட்டார்கள். 2011 மக்கள்தொகைக்கு அதே வாய்ப்பாட்டைப் போட்டால் டெல்லிக்குச் சுமார் 11 வரும். (எல்லா மாநிலத்துக்கும் அப்படியே போட்டால் சபை 250 பேர் என்ற உச்ச வரம்பைத் தாண்டிவிடும் என்பது வேறு விஷயம்.)

எண்ணிக்கை பிரச்சினையில் பாதிதான். மீதிப் பாதி, இவர்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது. மாநிலங்களில் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுகிறார்கள். யூனியன் பிரதேசத்துக்கு என்ன வழி என்பதைப் பாராளுமன்றமே சட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 80-ஆவது பிரிவு. 1966-ல் டெல்லிக்குப் பெருநகர மன்றம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 56 பேர், நியமனம் 5 பேர். சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது, ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் ராஜ்ய சபாவுக்கு ஆள் அனுப்புகிற ஓட்டு அந்த 56 பேர் கையில் இருந்தது. அந்த மன்றத்தின் தலைவராக இருந்த எல்.கே. அத்வானி 1970-ல் டெல்லியிலிருந்துதான் முதன்முதலாக ராஜ்ய சபாவுக்குப் போனார்.

1990 ஜனவரியில் அந்த மன்றத்தையும் கலைத்துவிட்டார்கள். 1991-ல் 69-ஆவது திருத்தம் மூலம் 70 பேர் கொண்ட சட்டசபை என்று முடிவாகி, 1993 நவம்பரில் தேர்தல் நடந்து, டிசம்பரில் மதன்லால் குரானா முதல்வரானார். இடையில் கிட்டத்தட்ட நான்கு வருடம், நாட்டின் தலைநகரத்திலிருந்து ராஜ்ய சபாவுக்கு ஓட்டுப் போட ஒருவர்கூட இல்லை!

இந்த இடைவெளிதான் பின்னால் வந்த குழப்பங்களுக்கெல்லாம் விதை. ராஜ்ய சபா என்பது கலையாத சபை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் விலக வேண்டும். தமிழ்நாட்டின் 18 பேரும் ஆறு ஆறாக வெவ்வேறு ஆண்டுகளில் வருகிறார்கள். 2019, 2020, 2022 என்று மூன்று தடவை நடந்தது. ஒரு சட்டசபைத் தேர்தலில் காற்று மாறினாலும் அது டெல்லிக்குப் படிப்படியாகத்தான் போய்ச் சேரும். டெல்லி நகரத்துக்கு அப்படி இல்லை. 1994 ஜனவரியில் மூன்று இடமும் ஒன்றாக நிரப்பப்பட்டன. மூன்றுக்கும் ஆறு வருடக் கணக்கு அன்றே ஆரம்பித்தது. 2000, 2006, 2012, 2018, 2024 என்று ஒவ்வொரு ஜனவரியிலும் மூன்றும் ஒன்றாகவே காலியாகின்றன.

ஒன்றாகக் காலியானாலும் ஒரே தேர்தலாக நடத்துவதில்லை. மூன்றும் வெவ்வேறு சுழற்சியைச் சேர்ந்த இடங்கள் என்று சொல்லித் தேர்தல் ஆணையம் மூன்று தனித்தனித் தேர்தலாக நடத்துகிறது. 1994-ல் ஏ.கே. வாலியா தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. இதனால் என்ன வித்தியாசம்? 70 எம்.எல்.ஏ.க்கள் ஒரே தேர்தலில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தால் ஒருவர் ஜெயிக்க 18 ஓட்டுப் போதும். தனித்தனியாக நடந்தால் ஒவ்வொன்றுக்கும் 36 வேண்டும். ஆக பெரும்பான்மைக் கட்சிக்கு மூன்றுமே, எதிர்க்கட்சிக்குப் பூஜ்யம். 2003 தேர்தலில் பா.ஜ.க.வுக்கு 20 எம்.எல்.ஏ., 2008-ல் 23. ஆனாலும் 2006-லும் 2012-லும் மூன்று இடங்களும் காங்கிரசுக்கே போயின. விகிதாசார முறை என்று சட்டத்தில் இருக்கிறது, கணக்கில் காணோம்.

இதன் உச்சம் 2015-ல் வந்தது. பிப்ரவரி தேர்தலில் ஆம் ஆத்மி 67, பா.ஜ.க. 3, காங்கிரஸ் பூஜ்யம். அதே நேரத்தில் டெல்லியின் ராஜ்ய சபா உறுப்பினர்கள் கரண் சிங், ஜனார்தன் துவிவேதி, பர்வேஸ் ஹாஷ்மி. மூன்று பேரும் காங்கிரஸ்! சட்டசபையில் ஒரு எம்.எல்.ஏ.கூட இல்லாத கட்சி 2018 ஜனவரி வரை, ஏறக்குறைய மூன்று வருடம், மேலவையில் டெல்லியின் முழுக் குரலாக இருந்தது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது, நாட்காட்டிதான் அப்படி அமைந்தது.

இதெல்லாம் வெறும் நாற்காலிக் கணக்கு என்று விட்டுவிடவும் முடியாது. டெல்லி அரசின் அதிகாரிகள் யார் கட்டுப்பாட்டில் என்ற மசோதா 2023 ஆகஸ்ட் 7-ல் ராஜ்ய சபாவுக்கு வந்தது. 131-க்கு 102 என்று நிறைவேறியது. உடல்நிலை சரியில்லாத மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் வந்து ஓட்டுப் போட்டார். ஆனால் டெல்லியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவரான சஞ்சய் சிங் அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருந்தார். டெல்லி யாருக்கு என்ற கேள்வியில் டெல்லியின் குரல் இரண்டே இரண்டு.

மற்ற நாடுகளில் இதைவிட மோசமும் உண்டு. வாஷிங்டன் நகரத்தில் 2020 கணக்குப்படி 6.89 லட்சம் பேர், வயோமிங் மாநிலத்தைவிட அதிகம். வயோமிங்குக்கு இரண்டு செனட்டர்கள், வாஷிங்டனுக்கு ஒருவரும் இல்லை. ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கு 1975 தேர்தலிலிருந்து இரண்டு செனட்டர்கள் உண்டு.

உத்திரமேரூர் சபையில் வாரியப் பதவி 360 நாள். முப்பது குடும்புகளுக்கும் தனித்தனியாக ஓலை எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருடம் நிற்க முடியாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஊர் மாறியும் பழைய ஆள் ஐந்தாறு வருடம் உட்கார்ந்திருக்கிற நிலை அந்தக் கல்வெட்டு விதியில் வராது.

2024 ஜனவரியில் சஞ்சய் சிங், என்.டி. குப்தா, ஸ்வாதி மாலிவால் மூவரும் ஆம் ஆத்மி சார்பில் போட்டியின்றித் தேர்வானார்கள். 2025 பிப்ரவரியில் பா.ஜ.க. 48 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தது, ஆம் ஆத்மிக்கு 22. அந்த மூன்று இடங்களின் பதவிக்காலம் 2030 ஜனவரியில் முடிகிறது. 2025-ல் வந்த சட்டசபையின் ஐந்து வருடம் முடிவது 2030 பிப்ரவரியில். இடையில் யாரும் விலகாமல் இருந்தால், இந்தச் சட்டசபை மூன்று பேரை ராஜ்ய சபாவுக்கு அனுப்புவது தன் கடைசி மாதத்தில்தான். அவர்கள் 2036 வரை இருப்பார்கள்.