முட்சங்கும் மிஸ்வாக்கும் கடுகின் உறவினர்களே!

லால்பேட்டை போன்ற ஊர்களில் மிஸ்வாக் குச்சியைத் தெரியாதவர்கள் குறைவு. ஒளுச் செய்யும்போது அதைக் கொண்டு பல் துலக்குவது சுன்னத். அந்தக் குச்சியைத் தருவது உகா மரம். குறுந்தொகையில் உகாய் என்று வருவதும் இதுவே. கோடிக்கரையில் இன்றும் வளர்கிறது. மென்றால் நாக்கில் சுரீரென்று ஒரு காரம் ஏறும். இதன் வரலாறே அந்தக் காரத்தில்தான் இருக்கிறது.

கரையோரப் புதர்களிலும் வேலிகளிலும் காணப்படும் முட்சங்குச் செடி இதன் நெருங்கிய சொந்தம். இலைகள் எதிரெதிராக இருக்கும். கணுவுக்குக் கணு கூரிய முட்கள், சிறிய வெள்ளைப் பழங்கள். 1783-ல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இதற்கு அசிமா டெட்ராகாந்தா என்று பெயரிட்டார். டெட்ராகாந்தா என்றால் நான்கு முள் என்று பொருள்.

உகாவுக்குப் பெயர் வந்தது அதற்கும் முன்பு. டச்சுக் கம்பெனியில் மருத்துவராக இருந்த கார்சின், 1749-ல் பார்சிலோனாவின் தாவரவியலாளர் சால்வடோர் நினைவாக சால்வடோரா என்ற பேரினத்தை அமைத்தார். 1753-ல் லின்னேயஸ் அதை ஏற்று சால்வடோரா பெர்சிகா என்று எழுதினார். 1836-ல் லிண்ட்லி சால்வடோரேசியே என்ற குடும்பத்தை உருவாக்கினார். சால்வடோரா, அசிமா, டோபெரா என மூன்றே பேரினங்கள், மொத்தம் ஏறத்தாழ ஒரு டஜன் இனங்கள். மிகச் சிறிய குடும்பம்! முள் இருப்பது அசிமாவுக்கு மட்டுமே.

சரி, இந்தக் குடும்பத்தை எங்கே வைப்பது? இங்குதான் குழப்பம் தொடங்கியது. எதிரெதிர் இலைகளையும் பூவின் அமைப்பையும் பார்த்து பெந்தாமும் ஹூக்கரும் மல்லிகைக் குடும்பத்தின் பக்கத்தில் வைத்தார்கள். 1981-ல் கிரான்கிஸ்ட் வாலுளுவை சேர்ந்த வரிசைக்கு மாற்றினார். ஆளுக்கொரு இடம்!

இதற்கிடையில், உகாப் பழம் கடுகு போலக் காரமாக இருப்பதைக் கவனித்த ராயில் என்ற தாவரவியலாளர், பைபிளில் சொல்லப்படும் கடுகு மரம் இதுதான் என்று 1844-ல் வாதிட்டார். அந்த வாதம் எப்படியோ போகட்டும், காரம் பொய் சொல்லவில்லை. கடுகின் காரத்துக்குக் காரணமான குளுகோசினோலேட் வகைப் பொருட்கள் உகாவிலும் முட்சங்கிலும் இருப்பது பின்னர் தெரிய வந்தது. மெல்லும்போது அவை உடைந்து, கிருமிகளை எதிர்க்கும் கார எண்ணெயாக மாறுகின்றன. மிஸ்வாக் பல்லைக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் டி.என்.ஏ. ஆய்வுகள் தீர்ப்புச் சொல்லின. 1998-ல் வெளியான புதிய வகைப்பாட்டில் சால்வடோரேசியே கடுகு வரிசையில் சேர்க்கப்பட்டது. கடுகு, முருங்கை, பப்பாளி எல்லாம் அதே வரிசைதான்.

இலையையும் பூவையும் பார்த்த கண்கள் 150 ஆண்டுகளுக்கும் மேலாகத் தடுமாறின. குச்சியை மென்ற நாக்குக்கோ அந்த உறவு முதலிலேயே தெரிந்திருந்தது!